கொயோட்டி வேட்டைக்கு ஸ்கோப்: முதல் எண்ணைப் பாருங்கள்

அடுத்த கேள்வி. மேற்கு டெக்சஸில் இருக்கும் நேயர் ஒருவர், ஓநாய் இனத்துச் சிறு விலங்கான கொயோட்டியை வேட்டையாடுவது பற்றிக் கேட்கிறார்: ‘223 ரெமிங்டன் தோட்டா போடும் ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். கொயோட்டி வேட்டைக்கு 3-9×40 ஸ்கோப் போதும் என்கிறார் நண்பர். கடையில் 6-24×50 வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?’

நண்பர் பேச்சைக் கேளுங்கள். ஸ்கோப் என்பது குறிவைக்க ரைஃபிள்மேல் பொருத்தும் தொலைநோக்கி. 3-9×40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, வேறொரு வேட்டைக்குப் பதில் சொல்கிறார். மேசைமேல் ரைஃபிளை ஊன்றிக்கொண்டு, 300 கஜத்துக்கு அப்பால் வளை வாசலில் நிற்கும் பிரெய்ரி நாயைச் சுடுபவருக்கு 24 மடங்கு உதவும். அது அணில் இனம், சிறிய பிராணி. கொயோட்டி அப்படியில்லை. அதைத் தேடி நாம் போவதில்லை. முயல் அலறும் ஒலியை எழுப்பி அதை நம்மிடம் வரவழைக்கிறோம். வருவதும் நேராக வராது, மோப்பம் பிடிக்க, நம்மைத் தாண்டிக் காற்று வீசிப் போகும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். உங்கள் பக்கத்து மெஸ்கீட் புதர்க்காட்டில் சில நேரம் 30 கஜத்தில்தான் முதன்முதலாகக் கண்ணில் படும்.

என் கதையையே சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் நானும் பெரிய எண்ணுக்கு மயங்கியவன்தான். தூரத்தில் ஏதோ அசைந்தது என்று 18 மடங்குக்குத் திருகி வைத்திருந்தேன். கொயோட்டியோ என் வலப்பக்கப் புதரிலிருந்து வெளியே வந்து நின்றது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பழுப்பு நிற மயிர் மட்டும் தெரிகிறது. தோளா, தொடையா, காய்ந்த புல்லா, ஒன்றும் புரியவில்லை. மடங்கை மாற்றும் வளையத்தை நான் திருகி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

இதற்குக் காரணம் பார்வைப் பரப்பு. 3-9 ஸ்கோப்பை மூன்றில் வைத்தால் 100 கஜத்தில் ஏறத்தாழ 33 அடி அகலம் தெரியும். ஒன்பதில் 11 அடிதான். அதையே 30 கஜத்துக்குக் கணக்கிடுங்கள்: மூன்றில் 10 அடி, 18 மடங்கில் இரண்டடிகூட இல்லை. ஓடும் விலங்கை இரண்டடி ஜன்னலுக்குள் எப்படிப் பிடிப்பீர்கள்? அதனால்தான் முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன். அது இரண்டு, இரண்டரை, மூன்று என்று இருக்கட்டும். திறந்த புல்வெளியில் மட்டும் உட்காருபவர் என்றால் நான்குவரை போகலாம்.

‘தொலைவில் நின்றால்?’ என்பீர்கள். தூரத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 200 கஜத்தில் நிற்பதை ஒன்பது மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணால் 22 கஜத்தில் பார்ப்பது போலத் தெரியும். குறிவைக்க வேண்டிய நெஞ்சுப்பகுதி உரித்த தேங்காய் அளவு. 22 கஜத்தில் ஒரு தேங்காய் தெரியாதா என்ன? அழைத்து வேட்டையாடும்போது பெரும்பாலும் 200 கஜத்துக்குள்தான் சுடுகிறோம். எட்ட நிற்கும் கொயோட்டி உங்களுக்கு வளையத்தைத் திருகவும் நேரம் தரும். கிட்டே வந்தது தராது.

வெளிச்சத்தையும் பாருங்கள். கொயோட்டி அதிகம் வருவது விடியலிலும் அந்தியிலும்தான். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடி, ஐந்து மடங்கு என்றால் 8 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் கண்ணாடி, 24 மடங்கு என்றால் இரண்டு சொச்சம்தான். மங்கலில் நம் கண்மணி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர்வரை விரியும். ஒளிக்கற்றை அதைவிடக் குறுகினால், பெரிய கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுத்தும் படம் இருண்டுதான் தெரியும். வெயில் ஏறிய பிறகு கானல் அலை வேறு. மடங்கைக் கூட்டக் கூட்ட அதுவும் பெரிதாகிக் கண்முன் ஆடும்.

இடையில் ஒன்று. சிலர் ஸ்கோப்பையே பைனாகுலர் போலப் பயன்படுத்தி அக்கம்பக்கம் துழாவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பார்க்கும் திசையில் துப்பாக்கிக் குழலும் நீள்கிறது. அங்கே நிற்பது வேலி பழுது பார்க்கும் மனிதராக இருக்கலாம். தேடுவதற்கு எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே 6-24 வாங்கிவிட்டவர்கள் அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஆறில் வைத்துவிட்டு, எதிரே நல்ல திறந்தவெளி இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். எந்த ஸ்கோப்பானாலும், ஒலியை எழுப்புவதற்கு முன் வளையம் மிகக் குறைந்த எண்ணுக்கு இறங்கியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் தடவிப் பார்க்கிறேன்.