ஹீரோ சித்ரவதை பண்ணா மட்டும் வீரமா?

அடுத்த கேள்வி. "சார், ஹாரி பாட்டர் நாலாவது புக்ல மூணு சாபத்தை மன்னிக்கவே முடியாததுன்னு சொல்றாங்க. மனுஷன் மேல போட்டா அஸ்கபான் சிறையில ஆயுள் தண்டனை. கடைசி புக்ல ஹாரியே போடுறான், யாரும் ஒண்ணும் கேக்கலை. ஹீரோன்னா தப்பே இல்லையா?"

நல்லா கேட்டிருக்கீங்க. படம் மட்டும் பார்த்தவங்களுக்கு இது புரியாது, ஏன்னா நீங்க சொல்ற காட்சி படத்துல இல்லை. அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில ரேவன்க்ளா பிரிவு மாணவர்களோட பொது அறை. ஹாரி ஆளை மறைக்கிற மாயப் போர்வைக்குள்ள நிக்கிறான். அமிகஸ் கேரோன்னு ஒருத்தன், வில்லன் வால்டமோர்ட்டோட ஆளு, பேருக்கு வாத்தியார். அவன் பேராசிரியை மெக்கானகல் முகத்துல துப்பிடறான். ஹாரி போர்வையை உதறிட்டு வெளிய வந்து க்ரூசியோ போடுறான், அதாவது சித்ரவதை சாபம். கேரோ அந்தரத்துல தூக்கி அடிக்கப்பட்டு, துடிச்சு, கத்தி, புத்தக அலமாரிக் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு மயங்கி விழறான்.

மெக்கானகல் என்ன செய்யறாங்க? முட்டாள்தனமா பண்ணிட்டியேன்னு பதறறாங்க. ஆனா அது மாட்டிக்கிட்டா என்ன ஆகும்ங்கிற பதற்றம். "உங்க மேல துப்பினானே"ன்னு ஹாரி சொன்னதும், பெரிய வீரச்செயல்ங்கிற மாதிரி ஒரு பாராட்டு. அப்புறம் கேரோ லேசா அசையும்போது அவங்களே அவன் மேல இம்பீரியோ போடறாங்க! ஆளை வசியப்படுத்துற சாபம், அதுவும் அந்த மூணுல ஒண்ணு. ஒரே அறை, சில பக்கம், ரெண்டு மன்னிக்க முடியாத சாபம். அலட்டிக்க ஆளில்லை.

சிலர் சட்டம் பேசுவாங்க. அப்ப மே 1998, மந்திரவாதிகளோட அமைச்சகமே வால்டமோர்ட் கையில, ஆயுள் தண்டனை கொடுக்க யார் இருக்கான்னு. இந்தச் சமாதானத்தை நான் ஏத்துக்க மாட்டேன். காரணம் அஞ்சாவது புக்ல இருக்கு. தன் ஞானத்தந்தை சிரியஸ் செத்த ஆத்திரத்துல ஹாரி இதே சாபத்தை, அவரைக் கொன்ன பெல்லாட்ரிக்ஸ் மேல போடுவான், சரியா பலிக்காது. அவ சிரிச்சுக்கிட்டே பாடம் எடுப்பா: நியாயமான கோபமெல்லாம் இதுக்குப் பத்தாது, வலிக்க வைக்கணும்னு நிஜமாவே ஆசைப்படணும், அதை ரசிக்கணும். கதை தானே வகுத்துக்கிட்ட விதி இது. கேரோ மேல பலிச்சதுன்னா ஹாரிக்குள்ள அந்த ஆசை இருந்திருக்கு. அவனே சொல்றான், பெல்லாட்ரிக்ஸ் சொன்னது இப்பதான் புரியுதுன்னு. எவ்வளவு பயங்கரமான வரி அது! ஆனா கதை அதை ஒரு பஞ்ச் டயலாக் மாதிரி தாண்டிப் போயிடுது.

பதினேழு வயசுப் பையன், துரத்தித் துரத்தி அடிபட்டவன், ஒரு நிமிஷம் மிருகமாயிட்டான்னா நான் நம்புவேன். அதுல எனக்குச் சிக்கலே இல்லை. ஆனா ஆறாவது புக்கை நினைச்சுப் பாருங்க. கழிவறையில, கூடப் படிக்கிற எதிரி மால்ஃபாய்தான் முதல்ல க்ரூசியோ போட வாயெடுக்கிறான். ஹாரி தப்பிக்க, என்ன செய்யும்னே தெரியாத செக்டம்செம்ப்ராங்கிற மந்திரத்தைப் போட்டுடறான். ரத்தத்தைப் பார்த்ததும் நடுங்கிப் போறான். தண்டனையா சனிக்கிழமை சனிக்கிழமை வாத்தியார் ஸ்னேப்கிட்ட போய் உக்காரணும், குவிடிச் இறுதி ஆட்டமும் போச்சு. தற்காப்புக்குச் செஞ்சதுக்கு இவ்வளவு குற்ற உணர்ச்சி. யாரும் தாக்காதப்ப, ஒளிஞ்சிருந்தவன் வெளிய வந்து செஞ்சதுக்குப் பாராட்டு. கணக்கு இடிக்குதில்ல?

கடைசி புக்குக்குள்ளேயே இடிக்குது. ஆரம்பத்துல, வசியத்துல இருக்கிற ஸ்டான் ஷன்பைக்கோட மந்திரக்கோலை மட்டும் தட்டி விடறான் ஹாரி. பழைய வாத்தியார் லூபின், அது போதாதுன்னு திட்டறார். வழியில நிக்கிறவனை எல்லாம் அடிச்சுத் தள்ளறது வால்டமோர்ட் வேலைன்னு அவரையே எதிர்த்துப் பேசறான்! அந்தப் பையன்தான் இவன்.

எழுதின ரவுலிங்குக்கு இது தெரியாதான்னு கேட்டா, தெரியும். நாலாவது புக்ல சிரியஸ் வாயால சொல்ல வைக்கிறாங்க: வால்டமோர்ட்டோட நடந்த முதல் போர்ல அமைச்சக அதிகாரி க்ரௌச் தன் ஆட்களுக்கு இந்தச் சாபங்களைப் போட அனுமதி கொடுத்தார், எதிரிங்க அளவுக்கே கொடூரமாயிட்டார்னு. கேள்வியை அவங்களே எழுப்பி, தன் நாயகன்கிட்ட வரும்போது விட்டுட்டாங்க. எனக்கு வருத்தம் அதுலதான். (உடனே வாலி வதத்துக்குப் போயிடாதீங்க, அது தனி வீடியோ.)

நாயகன் தப்பைக் கதை பார்க்கணும், அவ்வளவுதான் கேக்கறேன். டோல்கீனோட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', 1954ல வந்த இரண்டாம் பாகம். நாயகன் ஃப்ரோடோவுக்கு வழிகாட்டியா வந்த கொல்லம்ங்கிறவன், தடைசெய்யப்பட்ட குளத்துல மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கான். மேல அந்த இடத்தைக் காக்கிற தளபதி ஃபாராமிரோட ஆளுங்க வில்லோட தயாரா நிக்கிறாங்க. அவன் உயிரைக் காப்பாத்தத்தான் ஃப்ரோடோ நைச்சியமா பேசிக் கூப்பிட்டுப் பிடிச்சுக் கொடுக்கறான். நோக்கம் நல்லது. இருந்தும் கொல்லமுக்கு இது துரோகமாத்தான் படும்னு ஃப்ரோடோ மனசு உறுத்துது, டோல்கீன் அதை எழுதியும் வைக்கிறார்.

ஹாரிக்கு அப்படி ஒரு இடம் கொடுக்க ஆளைத் தேடவே வேண்டாம். கூடப் படிச்ச நெவில் இருக்கான். அவன் அப்பா அம்மாவை இதே க்ரூசியோவாலதான் பைத்தியமாக்கினாங்க. தண்டனை வாங்கின பசங்க மேல கேரோங்க இதைப் போடச் சொல்றாங்க, நான் மாட்டேன்னுட்டேன்னு அவன் ஹாரிகிட்ட சொன்னதும் கொஞ்சம் முன்னாடிதான். அவன்கிட்ட ஹாரி, "நானும் போட்டுட்டேன்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெவில் என்ன சொல்லியிருப்பான்? படிக்க எனக்கு ஆசை.

ஹாரியோட தோழி ஹெர்மியோனி, ரகசியத்தைக் காட்டிக் கொடுத்த மரியெட்டா முகத்துல பரு எழுத்து வர வெச்சதைப் பத்தி இன்னொருத்தர் கேட்டிருக்கார். அதுல எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தி. வாங்க, அதைப் பார்ப்போம்.