பனி மூடிய மரங்களில் படத்தை எங்கே தேடுவது? தேவிகுளத்துத் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி தேவிகுளத்திலிருந்து வந்திருக்கிறது. படிக்கிறேன். "அண்ணா, சென்ற குளிர்காலத்தில் மணாலியில் எடுத்த படங்களில் எல்லாம் சாம்பல் நிறமாக, மரங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வந்திருக்கின்றன. வருகிற ஜனவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறேன். கையில் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. அவ்வளவு மரங்களுக்கு நடுவே படம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

தம்பி, சாம்பல் நிறத்தை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. கேமராவின் ஒளி அளவி, தான் பார்ப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். வெண்பனியையும் அப்படியே இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +1 கூட்டிப் பாருங்கள், போதாவிட்டால் +2 வரை போகலாம். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. நிழலில் கிடக்கும் பனி சற்று நீலமாக வரும். அதைத் துடைத்து வெள்ளையாக்காதீர்கள், குளிர் கண்ணுக்குத் தெரிவதே அந்த நீலத்தில்தான்.

இனி, அப்பிக்கொள்ளும் மரங்கள். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கிறது, 300 மி.மீ. லென்ஸ் வெறும் 8 பாகை. குல்மார்க் சரிவில் காடே நின்றாலும் உங்கள் சட்டத்துக்குள் வருவது சில மரங்கள்தான். தூரத்து மரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் என்று மட்டும் நினைத்தால் ஒரு பெரிய மரத்தின் படம் கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வேண்டாததை எல்லாம் வெளியே தள்ளுவதற்கு உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி அது.

கேமராவைத் தூக்கும் முன் வெறும் கண்ணால் சரிவைப் பாருங்கள். மரத்தைத் தேடாதீர்கள், கறுப்பைத் தேடுங்கள். வாசலில் கோலம் போடும்போது கறுத்த தரையில் வெள்ளைக் கோடு இழுக்கிறோம் அல்லவா? இங்கே தரை வெள்ளை, அடிமரமும் கிளையும்தான் கோடு. கோட்டுக்குக் கோடு இடைவெளி எப்படி விழுகிறது என்று பாருங்கள். நேராக நிற்கும் அடிமரங்களின் வரிசையில் ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். காற்று வீசிய பக்கத்தில் மட்டும் பனி ஒட்டி, மறுபக்கம் பட்டை கறுப்பாகத் தெரியும். கனத்தில் கீழே வளைந்த ஃபிர் மரக் கிளைகளுக்கு முன்னால் இலையில்லாத சிறு மரம் ஒன்று தனியே நிற்கும். இவற்றில் ஒன்று கிடைத்தால் போதும், அதை மட்டும் சட்டத்துக்குள் வையுங்கள்.

இரண்டு மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா? இங்கேதான் பலர் லென்ஸைத் திருகிக்கொண்டே நிற்கிறார்கள். ஜூம் செய்வதால் அந்த ஒட்டுதல் விலகாது, நீங்கள் இடம் மாறினால்தான் விலகும். ஓரடி நகர்ந்தாலும் போதாது. ஒரு மரம் 200 மீட்டரிலும் அடுத்தது 300 மீட்டரிலும் இருந்தால், பத்து மீட்டர் பக்கவாட்டில் நடந்த பிறகுதான் ஏறக்குறைய ஒரு பாகை விலகும். 300 மி.மீ. சட்டத்தில் ஒரு பாகை பெரிய இடம். ஆகவே நடங்கள், நின்று பாருங்கள், மறுபடி நடங்கள்.

மேகமூட்டமான நாளில் வானத்தை வெட்டிவிடுங்கள். மேலே ஒரு வெள்ளைப் பட்டை வந்தால் கண் அங்கே ஓடிவிடும். நான்கு ஓரங்களையும் பாருங்கள், பாதியில் நுழையும் குச்சி ஒன்று முழுப் படத்தையும் கெடுக்கும்.

பனி பொழியும்போது கேமராவைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். மெல்லப் பொழியும் பனிதான் முன் மரத்தைக் கறுப்பாகவும் பின் மரத்தை வெளிறியும் காட்டி, நெருங்கி நிற்கும் காட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கொடுக்கிறது. ஷட்டர் 1/500 என்றால் பனித்துகள் புள்ளியாக நிற்கும், 1/60 என்றால் கோடாக ஓடும். கோடு வேண்டுமென்றால் முக்காலி கட்டாயம். ஆட்டோ ஃபோகஸ் முன்னால் விழும் துகள்களைப் பிடிக்க அலையும். அடிமரத்தின் விளிம்பில் ஃபோகஸ் வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

இதை எல்லாம் பழக ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். மூடுபனியும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனில் காலையில் நின்றால் குரங்கணிப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறும்போது சோலை மரங்கள் ஒவ்வொரு வரிசையாகப் பிரியும். வட்டவடைப் பக்கத்துக் கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) தோப்புகளில் நேரான அடிமரங்களுக்கு இடையே இடைவெளி பார்க்கப் பழகுங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களை ஒன்று, மூன்று, ஐந்து என்று பிரித்துப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் உறைபனி விழும் காலைகளில் வெள்ளைக்கு எக்ஸ்போஷர் வைக்கும் பயிற்சியும் கிடைத்துவிடும். வெயில் ஏறினால் உருகிவிடும், விடியும் முன்பே போய்விடுங்கள்.

குல்மார்க்கின் புல்வெளியே சுமார் 2,650 மீட்டர், நம் ஆனைமுடிச் சிகரத்தின் உயரத்துக்கு அருகில். அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள், ஈரம் பையின் மேல் படியட்டும், லென்ஸில் வேண்டாம். மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவீர்கள்.