ஓதம் ஏறிய சுவர்: பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் மண்வெட்டி

[காட்சி: வீட்டின் உள்சுவர். தரையிலிருந்து இடுப்பளவு வரை பெயிண்ட் உப்பியிருக்கிறது. விரல் பட்டதும் வெள்ளைத் தூள் உதிர்கிறது.]

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுச் சுவர் இது. இதற்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டி, பட்டி போட்டு, ஓதத்தைத் தாங்கும் என்று கடையில் சொன்ன பெயிண்டை வாங்கிப் பூசினோம். ஆனி, ஆடிச் சாரல் வரை தாக்குப்பிடிக்கும். ஐப்பசி அடைமழை வந்ததும் மறுபடியும் கொப்புளம். நாலாவது தடவை பெயிண்ட் கடைக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளிப்பக்கம் போனோம்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஒரு மழையில் நனைந்த சுவர் காய்ந்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. அதனால்தான் வேறு ஊரில் சின்னக் கறையாக நின்றுபோகிற ஓதம் இங்கே சுவர் முழுக்க ஏறுகிறது.

[காட்சி: கையில் ஒரு பாலிதீன் தாள், டேப்.]

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை. ஓரடி நீளம், ஓரடி அகலமுள்ள பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நீர் துளிர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்து, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாளுக்குப் பின்னால், சுவரைத் தொட்ட பக்கம் ஈரம் இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் வேலை அங்கேதான்.

கறை எங்கே இருக்கிறது என்பதும் சொல்லும். கூரையை ஒட்டி இருந்தால் மொட்டைமாடி, பாராபெட் சுவர், மழைநீர்க் குழாய் வாய். சுவர் நடுவில் திட்டாக இருந்து மழையோடு வந்து மழையோடு போனால் வெளிப்பூச்சில் விரிசல். மழையே இல்லாத பங்குனியிலும் காயாமல் இருந்தால் உள்ளே போகிற தண்ணீர்க் குழாய். தரையிலிருந்து கிளம்பி மூன்றடி உயரத்துக்குள் அலை அலையாக நின்றால், அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம்.

[காட்சி: ஒரு தட்டில் சிறிது தண்ணீர். அதில் நிறுத்திய செங்கல்லில் ஈரம் மெல்ல மேலே ஏறுகிறது.]

செங்கல்லிலும் கலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, அந்தத் துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறும். நம் மேற்குப் பகுதியின் பழைய வீடுகளில் இருக்கிற வெட்டுக்கல்லும் அப்படித்தான், துளை நிறைந்த கல். ஏறுகிற தண்ணீர் மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பூச்சுக்குள்ளேயே தங்கும். அது படிகமாகும்போது இடம் போதாமல் பூச்சை நெட்டித் தள்ளும். பெயிண்ட் உப்புவதும், சுவர் பொரிவதும் இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த உப்பில் சில வகை காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அதனால் மண் ஓதத்தை முழுசாக நிறுத்திய பிறகும், பழைய பூச்சை விட்டுவைத்தால் மழைக்காலத்தில் சுவர் பிசுபிசுக்கும். வேலை பலிக்கவில்லை என்று பலர் மனம் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். கடற்கரை ஊர்களில் கடல் மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கலவையில் சேர்ந்திருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. கம்பியும் துருப்பிடிக்கும். தயவுசெய்து கடல் மணலை எந்தப் பூச்சு வேலைக்கும் விடாதீர்கள்.

சரி, மண் ஈரம் ஏறாமல் இருக்க வீடு கட்டும்போதே ஒரு தடுப்பு போடுவார்கள். கொத்தனார்கள் டிபிசி என்பார்கள். பேஸ்மட்டத்துக்கு மேலே, வெளித்தரையிலிருந்து அரையடியாவது உயரத்தில், வாட்டர்புரூஃப் கலவை சேர்த்த ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டும் மேலே தாரும். எங்கள் வீட்டிலும் அது இருந்தது. ஆனாலும் ஓதம் ஏன் வந்தது?

[காட்சி: வெளிச்சுவர். பேவர் பிளாக் பெயர்த்து, மண்ணை வெட்டிய பள்ளம். பழைய டிபிசி கோடு தெரிகிறது.]

முற்றத்தை உயர்த்தினோம். சேறு மிதிக்க வேண்டாமே என்று மண் அடித்து, பேவர் பிளாக் பதித்தோம். அந்த மண் டிபிசிக்கு மேலே போய்விட்டது. தடுப்பைத் தாண்டி மண்ணே நேராகச் சுவரைத் தொடும்போது தடுப்பு இருந்தும் பயனில்லை. ரோட்டை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டு வீடு பள்ளமாகிப் போன இடங்களிலும் இதே கதைதான். ஏலாவை, அதாவது வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளுக்குக் கீழே மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

எங்கள் முதல் வேலை, சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, டிபிசிக்கு அரையடி கீழே கொண்டுபோனது. அந்தப் பள்ளத்தில் முக்கால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஓடையை நோக்கிப் போக வாட்டம் கொடுத்தோம். ஓதத்தில் பெரும்பங்கு இதிலேயே குறைந்துவிட்டது. எந்த ரசாயனமும் வாங்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

டிபிசியே இல்லாத பழைய சுவருக்கு ஊசி முறை இருக்கிறது. தரையிலிருந்து அரையடி உயரத்தில், செங்கல் வரிசைக்கு இடையிலுள்ள கலவைக் கோட்டில், நாலு நாலரை அங்குலத்துக்கு ஒரு துளை. சுவரின் தடிமனில் மறுபக்கத்துக்கு ஓரிரு அங்குலம் மிச்சம் விட்டுத் துளைத்து, சிலேன் கிரீம் நிரப்புவார்கள். அது பரவி நுண்துளைகளைத் தண்ணீர் ஒட்டாதபடி மாற்றிவிடும். வெட்டுக்கல் சுவரில் கலவைக் கோடு ஒழுங்காக இருக்காது, அனுபவம் உள்ளவரிடமே கொடுங்கள்.

பிறகு பழைய பூச்சு. கறை தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை கொத்தி எடுத்து, கல்லைப் பிரஷால் தேய்த்து, உப்பைக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். அப்புறம் காயவிடுங்கள். ஒரு அங்குலத் தடிமன் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம்! நமக்கு அவ்வளவு நீண்ட வெயில் காலம் கிடையாது. அதனால் தை பிறந்ததும் கொத்தத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். முழுசாகக் காயும் வரை சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் போதும், ஈரம் அவற்றின் வழியாக வெளியேறும். பிளாஸ்டிக் பெயிண்ட் வழியை அடைத்துவிடும்.

[காட்சி: பொற்றைச் (சிறு குன்று) சரிவில் ஒரு வீடு. முன்பக்கம் இரண்டு மாடி, பின்பக்கம் மண்ணுக்குள் புதைந்த கீழ்த்தளம்.]

இப்போது கீழ்த்தளம். நம்மூரில் பேஸ்மட்டம் என்றால் தரையை உயர்த்திய மேடைதான். ஆனால் குலசேகரம், திருவட்டார் பக்கம் சரிவில் கட்டும்போது, பின்சுவர் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதுதான் உண்மையான பேஸ்மெண்ட்.

இங்கே சுவர் ஈரத்தை உறிஞ்சுவது மட்டுமில்லை, தண்ணீர் சுவரைத் தள்ளுகிறது. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். உள்ளே பூசிய எந்தப் பெயிண்டும் அதைத் தாங்காது. கையாலை, அதாவது மண்ணைத் தாங்கும் கல்சுவர் கட்டுகிற நம் பெரியவர்கள் கல்லுக்கு இடையில் கசிவு போக வழி விட்டது இதனால்தான்.

தோண்டும் முன், கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் மட்டம் உங்கள் கீழ்த்தளத் தரைக்கு மேலே நின்றால், அந்த ஆழத்தைக் கைவிடுவதே நல்லது.

புதிதாகக் கட்டுவதென்றால் மண் பக்கத்திலேயே தடுப்பு வேண்டும். தரைக் கான்கிரீட்டும் சுவரும் சேர்கிற இடத்தில் வாட்டர் ஸ்டாப் பட்டை. சுவரின் வெளிமுகத்தில் மெம்பிரேன் என்கிற தண்ணீர் புகாத உறை, அது கிழியாமல் ஒரு பலகை. அதற்குப் பின்னால் ஜல்லி, அடியில் துணி சுற்றிய துளைக் குழாய், நூற்றுக்கு ஒன்று வாட்டம். சரிவு நிலத்தில் நமக்கு ஒரு வரம் உண்டு: குழாயின் மறுமுனையைத் தாழ்ந்த பக்கத்தில் திறந்துவிட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் போய்விடும்.

கட்டி முடிந்த வீட்டில் வெளியே தோண்ட இடமில்லை என்றால், உள்ளிருந்து செய்யலாம். ஒழுகுகிற விரிசலில் பாலியூரித்தேன் ஊசி, அது தண்ணீர் பட்டதும் பொங்கி அடைக்கும். பிறகு கான்கிரீட் முகத்தில் கிரிஸ்டலைன் பூச்சு, இது நுண்துளைக்குள் படிகமாக வளர்ந்து மூடும். பெயிண்ட் மேல் பூசினால் வேலை செய்யாது, கான்கிரீட் தெரிய வேண்டும். மீதிக் கசிவுக்கு மூலையில் ஒரு குழி, அதில் தானாக ஓடும் பம்பு.

2021 நவம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிக் கீழ்த்தளம் நிரம்பினால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். உள்ளே இருக்கிற தண்ணீர்தான் வெளிமண்ணின் தள்ளலைத் தாங்கி நிற்கிறது. வெளியே மட்டம் இறங்க இறங்க, நாளுக்கு ஓரிரு அடியாக இறைக்க வேண்டும். கரண்ட்டை நிறுத்தாமல் யாரும் உள்ளே இறங்கவும் கூடாது.

[காட்சி: அதே உள்சுவர். சுண்ணாம்பு வெள்ளை. ஒரு பாலிதீன் தாள் மறுபடி ஒட்டப்படுகிறது.]

எங்கள் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. இரண்டு மழையும் முடிந்து, இந்தத் தாளுக்குப் பின்னால் ஈரம் இல்லாமல் இருந்தால் அப்போது அடிப்போம்.