எந்தக் கணக்கை முதலில் போடுவாய்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கணித வகுப்பில் ஒரு மாணவர் தாமாக முடிவு செய்பவை எவை என்று பட்டியல் போட உட்கார்ந்தால், பெரும்பாலும் தாள் வெறுமையாகவே இருக்கும். எந்தக் கணக்கைப் போடுவது, எந்த வரிசையில் போடுவது, எந்த முறையில் போடுவது, எத்தனை படிகளில் எழுதுவது என்பதையெல்லாம் ஆசிரியரோ பாடநூலோ முன்பே முடிவு செய்துவிடுவதால், மொழி வகுப்பில் கட்டுரைக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுத்த அதே பிள்ளை, கணித நோட்டைத் திறந்ததும் சொன்னதைச் செய்பவராக மாறிவிடுகிறார். விடை ஒன்றுதானே, இதில் விருப்பத்துக்கு ஏது இடம் என்று நாமும் இருந்துவிடுகிறோம். விடை ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த விடைக்கு எந்த வழியில் போவது என்று முடிவு செய்வதுதான் கணிதச் சிந்தனையின் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து.

முதலில், செலவும் முன்னேற்பாடும் இல்லாத ஒரு வழியைச் சொல்கிறேன். கரும்பலகையில் 4 பெருக்கல் கணக்குகளை எழுதுங்கள்: 25 பெருக்கல் 16, 99 பெருக்கல் 7, 48 பெருக்கல் 5, 37 பெருக்கல் 23. யாரும் இன்னும் போட வேண்டாம்; எதை மனக்கணக்காகப் போடலாம், எதற்குத் தாள் வேண்டும் என்று மட்டும் பிரித்துக் காரணம் சொல்லுங்கள் என்று கேளுங்கள். 16 என்பது 4 பெருக்கல் 4, அதில் ஒரு 4ஆல் 25ஐப் பெருக்கினால் 100, மீதமிருப்பது இன்னொரு 4, ஆகவே விடை 400 என்று ஒருவர் கண்டுகொள்வார். 99 என்பது 100க்கு ஒன்று குறைவு, எனவே 700இலிருந்து 7ஐக் கழித்தால் போதும் என்று இன்னொருவர் சொல்வார். தேர்ந்தெடுப்பதற்காகவே எண்களின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வரிசையாகப் போட்டுக்கொண்டு போகும் மாணவருக்கு அப்படிப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதே உத்தி மேல்வகுப்புகளிலும் செல்லும். இரு மாறிகளைக் கொண்ட சமன்பாட்டு இணைகள் ஐந்தாறைக் கொடுத்து, எதற்குச் சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை ஒழிக்கும் நீக்கல் முறை, எதற்கு ஒரு மாறியை மற்றதன் வழியே எழுதி இடும் பிரதியிடல் முறை என்று பிரிக்கச் சொல்லலாம். மாறிகளில் ஒன்று தனித்து நிற்கும்போது பிரதியிடல் எளிது, மாறிகளின் முன் நிற்கும் எண்களான கெழுக்கள் ஒத்திருக்கும்போது நீக்கல் எளிது என்பதை நாம் விதியாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, அவர்களே பிரித்துப் பார்த்துக் கண்டடைவது ஆழமாகப் பதிகிறது.

அடுத்தது, எண்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஒரு நூலகத்தில் இத்தனை புத்தகங்கள் இருந்தன, அவற்றில் இத்தனை எடுத்துச் செல்லப்பட்டன, மீதி எத்தனை என்று எண்களுக்கான இடத்தை வெறுமையாக விட்டு ஒரே கணக்கைக் கொடுங்கள். 48, 25 என்ற இணை; 402, 178 என்ற இணை; 1000, 637 என்ற இணை; விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கின் கருத்து எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால், வகுப்பு முழுவதும் சேர்ந்து பேச முடிகிறது. என் வகுப்பில் மூன்றாவது இணையை எடுத்த ஒரு மாணவர், இரண்டு எண்களிலிருந்தும் ஒன்றைக் குறைத்து, 999இலிருந்து 636ஐக் கழித்து, கடன் வாங்காமலே 363 என்று சொன்னார். முதல் இணையை எடுத்தவர்கள்கூட அதைக் கேட்டதும் மூன்றாவதைப் போட்டுப் பார்க்க விரும்பினார்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் பயிற்சித் தாள்களுக்கு எளிது, நடுத்தரம், கடினம் என்று தலைப்பிட்டு வைத்தேன். மாணவர்கள் கணக்கைப் பார்த்து எடுக்கவில்லை. தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருந்த எண்ணத்தைப் பார்த்து எடுத்தார்கள். மூன்றாம் தாளை நன்றாகச் செய்யக்கூடிய ஒரு மாணவி நாள்தோறும் முதல் தாளையே எடுத்ததைக் கண்ட பிறகுதான், அந்தத் தலைப்புகள் செய்த தீங்கு எனக்கு விளங்கியது. தலைப்புகளை நீக்கிவிட்டு, ஒரே தாளில் பத்துக் கணக்குகளைக் கலந்து தந்து, உங்களுக்கு ஏதேனும் ஒன்றைக் கற்றுத் தரும் என்று தோன்றும் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள் என்று மாற்றினேன். அந்த ஒற்றை வரிகளைப் படித்தபோது, மதிப்பெண்கள் காட்டாத பலவற்றை அறிந்துகொண்டேன்.

மனிதர்களின் ஊக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், தன் செயலைத் தானே முடிவு செய்யும் உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கும் உணர்வு ஆகிய மூன்றையும் அடிப்படைத் தேவைகளாகச் சொல்கிறார்கள். முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதை மறந்தால், தேர்வுரிமையே மாணவருக்குச் சுமையாகிவிடும். ஆகவே இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளே போதும். எதை எடுத்தாலும் அன்றைய பாடத்தின் கருத்தைத் தொட்டே ஆக வேண்டும். எதைக் கற்பது என்பதை ஆசிரியர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தனியாகச் செய்வதா, இருவராகச் செய்வதா, விடையைப் படத்தால் விளக்குவதா, சொற்களால் விளக்குவதா என்பன போன்ற சிறு உரிமைகளும் உதவும்; ஆயினும் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஈடாக அவற்றை நான் கருதவில்லை.

தேற்றங்களைக் கற்பிக்கும்போதும் இதற்கு இடமுண்டு. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றிய பிதாகரஸ் தேற்றத்துக்குப் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலில் ஒருமுறை நிறுவல் தந்துவிட்டு, பின்னொரு பகுதியில் வடிவொத்த உருவங்களைக் கொண்டு அதையே விரிவாக்கி மீண்டும் நிறுவினார். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் கார்ஃபீல்டு, சரிவகம் ஒன்றின் பரப்பளவைக் கொண்டு அமைத்த நிறுவல் 1876இல் வெளியானது. வகுப்பில் இரண்டு நிறுவல்களை அருகருகே வைத்து, எது உங்களை நம்ப வைக்கிறது, ஏன் என்று கேட்டால், மனப்பாடம் செய்ய நினைத்திருந்தவரும் படிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே, தேர்வு நெருங்குகிறதே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் எவையேனும் ஐந்துக்கு விடையளிக்கவும் என்று கேட்கும் வினாத்தாள்கள் உண்டு. எந்த ஐந்து என்று கண்டறியும் பழக்கமே இல்லாத பிள்ளை, அந்த முடிவைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் தேர்வு அறையில் எடுக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு வகுப்பில், பாட இறுதியில் உள்ள பயிற்சியிலிருந்து தொடங்கினால் போதும். போடச் சொல்வதற்கு முன்னால் இரண்டு நிமிடம் கொடுத்து, எந்தக் கணக்கை முதலில் போடுவாய், ஏன் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் காரணங்களைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

வணக்கம்.