சிறு துளைகள் வழியே மண்ணீரல் அகற்றம்

[திரையில்: விலா எலும்புகளின் அடியில் மண்ணீரல்]

வணக்கம். முதிர்ந்த சிவப்பணுக்களைச் சலித்துக் கழிக்கும் மண்ணீரல், வயதுவந்தோருக்கு ஏறத்தாழ 150 கிராம் எடை இருக்கும். நடுவில் குழிந்த தட்டைப் போல இருக்க வேண்டிய சிவப்பணு, உறையிலுள்ள ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின் போன்ற புரதங்களின் குறைபாட்டால் உருண்டையாகிவிடுவதே பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய். வளைந்து கொடுக்க இயலாத அந்த உருண்டை, மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கி, 120 நாள் வாழ வேண்டியது முன்னதாகவே சிதைகிறது. சோகை, காமாலை, பித்தப்பைக் கல் எல்லாம் அதன் விளைவுகளே. மண்ணீரலை எடுத்தாலும் அணுக்கள் உருண்டையாகவே இருக்கும். ஆனால் சிதைவு பெருமளவு குறைந்து சோகை சரியாகும்.

ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை இரத்த நோயான தலசீமியாவில் நிலைமை வேறு. முறையாக இரத்தம் ஏற்றப்படும் பலருக்கு இன்று இந்த அறுவையே தேவைப்படுவதில்லை.

[திரையில்: வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கப்பட்ட நோயாளி]

லேப்ராஸ்கோப்பி முறையில் மண்ணீரலை அகற்றுவது 1991-இல் தொடங்கியது. கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, மூன்று அல்லது நான்கு சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைக்கப்படுகின்றன. பெருங்குடலோடும் இரைப்பையோடும் உள்ள இணைப்புகளைப் பிரித்த பின், கணையத்தின் வால் நுனி ஒட்டிக் கிடக்கும் இடத்தில், அதைக் காயப்படுத்தாமல் மண்ணீரலின் தமனியையும் சிரையையும் துண்டிப்பதே முழு அறுவையிலும் கைத்திறனைச் சோதிக்கும் கட்டம்.

இத்தனை பெரிய உறுப்பு அத்தனை சிறிய துளையில் எப்படி வெளிவரும்? உள்ளேயே ஒரு பைக்குள் இட்டு, பையின் வாயை வெளியே இழுத்து, அதற்குள்ளேயே மண்ணீரலைத் துண்டுதுண்டாக நசுக்கி எடுக்கிறார்கள். பை கிழிந்து திசு சிந்தினால் அது வேரூன்றி மீண்டும் வளரக்கூடும். பட்டாணி அளவிலான துணை மண்ணீரல் சிலருக்கு இயல்பாகவே இருக்கும். அதைத் தேடி எடுக்காமல் விட்டால் நோய் திரும்பலாம். பித்தப்பைக் கற்கள் தொல்லை தந்தால் பித்தப்பையையும் அதே அமர்வில் அகற்றிவிடலாம்.

தழும்பு எத்தனை அங்குலம் என்று கேட்கும் பெற்றோர், தடுப்பூசி அட்டையை முதலில் எடுத்துக் காட்டுவது நல்லது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்திலேயே உயிராபத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகைக் கிருமி) தடுப்பூசிகள் அறுவைக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே போடப்படுகின்றன. இயன்றவரை 6 வயதுக்குப் பிறகே அறுவையை வைத்துக்கொள்வதும் இதனால்தான். பின்னாளில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல், மண்ணீரல் அகற்றப்பட்டதைச் சொல்லி அப்போதே மருத்துவமனையில் சேர வேண்டும்.