எதிரணியைப் பார்க்க எதிரி ஊருக்கே போனேன்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாக வருகிறதா? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதோ இந்தத் தொப்பி. கருகிய ஆரஞ்சு நிறம், நடுவில் மாட்டுத் தலை, எங்கள் அணியின் சின்னம். நான் படிப்பது ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில். இப்போது கார் நிற்பது காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் வளாகத்துப் பார்க்கிங்கில். பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் வந்த மாதிரி இருக்கிறது.

போன சீசனில்தான் இந்த ஆட்டத்தையே பார்க்கத் தொடங்கினேன். ஃபுட்பால் என்று பெயர், காலால் பந்தைத் தொடுவது அபூர்வம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு. கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. இன்றைக்கு இவ்வளவு போதும். இந்த 11 என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கல்லூரிகளுக்கும் முதல் ஆட்டம் 1894-ல். 2011-ல் கடைசி நொடியில் ஒரு உதை, 27-25, நாங்கள் ஜெயித்தோம். அதோடு அவர்கள் வேறு லீகுக்குப் போய்விட்டார்கள். 13 வருஷம் ஆட்டமே இல்லை. பிறகு நாங்களும் அதே லீகுக்குப் போக, 2024 நவம்பரில் இதே ஊரில் மறுபடி மோதினோம். 17-7, நாங்கள்தான். அடுத்த வருஷம் ஆஸ்டினில் 27-17, அதுவும் நாங்கள்தான். ஆனால் இதை இங்கே யாரிடமும் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆகீஸ், அதாவது ஏ அண்ட் எம் ஆட்கள், தோற்பதே இல்லையாம், சில சமயம் ஜெயிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுமாம்! எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டார்கள். "டி.யு." என்பார்கள், அதையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் சின்ன எழுத்து கிடையாது, அதனால் அந்த அவமானம் எனக்கு முழுசாக உறைக்கவில்லை.

சரி, காலையில் நடந்த கூத்துக்கு வருகிறேன். மாணவர் மையத்துக்குள் தண்ணீர் குடிக்க நுழைந்தேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து "ஹவ்டி" என்றார். இங்கே யாரைப் பார்த்தாலும் அதுதான் வணக்கம். நான் சிரித்தேன். அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். தொப்பியின் நிறம்தான் பிரச்சினை என்று நினைத்து, கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. விஷயம் அது இல்லை. அந்தக் கட்டடமே போரில் இறந்த மாணவர்களின் நினைவிடம். உள்ளே யாரும் தொப்பி போடக் கூடாது, சுற்றியுள்ள புல்லை மிதிக்கக் கூடாது. புல்லைக் குறுக்கே கடந்துதான் உள்ளே போயிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கல்லூரி 1876-ல் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தர ஆரம்பித்தது. 1960-கள் வரை ராணுவப் பயிற்சி கட்டாயம். அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் பாசறை வாசனை.

அடுத்து, நான் பார்க்க வந்த இடம். கைல் ஃபீல்டு. 102,733 பேர் உட்காரலாம் என்று கணக்கு, ஆனால் மாணவர்கள் உட்கார மாட்டார்கள். ஆட்டம் முழுக்க நிற்பார்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஏன்? 1922 ஜனவரி 2, டாலஸில் சென்டர் காலேஜோடு ஆட்டம். எதிரணி பலமானது, ஏ அண்ட் எம் ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியே வருகிறார்கள். மாற்று ஆட்களும் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள். கோச் டானா பைபிளுக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறது. பெயர் கிங் கில். ஃபுட்பாலை விட்டுவிட்டு கூடைப்பந்துக்குப் போனவர். அன்றைக்கு மேலே பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். கீழே கூப்பிட்டார்கள். அடிபட்டவர் ஒருவரின் சீருடையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் தயாராக நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் உள்ளே இறங்கவே இல்லை.

கதை அவ்வளவுதான். முதலில் கேட்டபோது, இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட ஆடாத ஆளுக்கு எதற்கு இத்தனை மரியாதை? ஆனால் யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூட கிரிக்கெட்டில் நான் என்றைக்கும் பன்னிரண்டாவது ஆள்தான். தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவேன். எனக்கு யாரும் சிலை வைக்கவில்லை. இங்கே கிங் கில்லுக்குச் சிலை இருக்கிறது. மாணவர் கூட்டம் முழுவதற்கும் 'பன்னிரண்டாவது ஆள்' என்றே பெயர். கூப்பிட்டால் இறங்கத் தயார் என்று காட்டத்தான் நிற்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி 12 மணிக்கு இதே மைதானத்தில் கத்துவதற்கு ஒத்திகை. விளையாட்டாகச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கில் வருவார்கள். இங்கே சியர்லீடர் கிடையாது. மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் வெள்ளை உடையில் கையால் சைகை காட்டுவார்கள். சைகை பின்வரிசை வரை கை மாறிப் போகும், பிறகு மொத்தக் கூட்டமும் குனிந்து முழங்காலில் கை ஊன்றிக் கத்தும். கட்டைவிரலைத் தூக்கி "கிக் எம்" என்பார்கள். உதைக்கிற கிக் இல்லை, தவளை குத்துகிற ஈட்டிக்குப் பெயர் அது. 1930-ல் தவளை என்று பெயர் வைத்த ஒரு அணிக்கு எதிராகக் கிளம்பியது. அந்தத் தவளை உண்மையில் கொம்பு வைத்த ஒரு பல்லி வகை, அது வேறு கதை.

அவர்களுடைய போர்ப்பாட்டில் எதிரணியாக வருவதே நாங்கள்தான். கடைசியில் எங்கள் கொம்பை அறுப்பதாகப் பாடி, தோளோடு தோள் கோத்து இடமும் வலமுமாக ஆடுவார்கள். மேல்தளமே அசையும் என்கிறார்கள். நவம்பரில் டிக்கெட் கிடைத்தால் கீழ்த்தளமாகப் பார்த்து வாங்கப்போகிறேன்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. ரெவெய்லி, அவர்களுடைய அணியின் சின்னமான நாய், கோலி (collie) இனம். 1931-ல் தொடங்கிய வரிசை. முதல் நாய் தெருநாய்தான். மாணவர்கள் வந்த காரில் அடிபட்டது, அவர்களே விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். காலையில் எழுப்பும் ஊதல் கேட்டதும் குரைத்ததால் அந்த ஊதலின் பெயரே நாய்க்கும். மாணவர்களின் ராணுவப் பயிற்சிப் படையில் மிக உயர்ந்த பதவி நாய்க்குத்தான். மாணவர் கட்டிலில் அது படுத்தால் மாணவர் தரையில். வகுப்பில் குரைத்தால் வகுப்பு முடிந்தது என்று ஒரு சம்பிரதாயம். இந்தச் செமஸ்டரில் எனக்கு அப்படி ஒரு நாய் இருந்திருக்கலாம்.

இறந்த ரெவெய்லிகளை மைதானத்தின் வடக்கு வாசலில், ஸ்கோர்போர்டு தெரிகிற மாதிரி புதைத்திருக்கிறார்கள். பின்னால் மைதானத்தைப் பெரிதாக்கியபோது கட்டடம் மறைத்துவிட்டது. உடனே நாய்களுக்கென்று வெளியே தனியாகச் சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள். கேலி செய்யலாம் என்றுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். முடியவில்லை.

எங்கள் அணியின் சின்னமான மாட்டையும் விட்டுவைக்கவில்லை. அதன் பெயர் பீவோ. 1917-ல் ராத்திரியோடு ராத்திரியாக அதன் உடம்பில் 13-0 என்று சூடு போட்டார்கள், 1915-ல் எங்களை ஜெயித்த ஸ்கோர். 1920-ல் அந்த மாட்டை எங்கள் ஆட்களே விருந்தில் சமைத்துவிட்டார்கள். ஏ அண்ட் எம்மையும் அழைத்து, சூடு போட்ட பக்கத்துக் கறியைப் பரிமாறி, அந்தத் தோலையும் கொடுத்தனுப்பினார்கள். யார் பக்கம் நியாயம் என்று கமெண்டில் சொல்லுங்கள்.

மதியம் நினைவு வட்டத்துக்குப் போனேன். எங்களோடு ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் 1909-லிருந்து பெரிய சொக்கப்பனை கொளுத்திவந்தார்கள். 1999 நவம்பர் 18 விடிகாலை 2:42-க்கு, அடுக்கிக்கொண்டிருந்த மரங்கள் சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். வட்டத்தில் 12 வாசல்கள். ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்க்கிறது. எட்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. இடைவேளையில் எங்கள் பேண்டு இறுதி அஞ்சலி இசைத்துத் தொப்பியைக் கழற்றி நின்றது. அவர்கள் 20-16 என்று ஜெயித்தார்கள். அங்கே நான் எதுவும் படம் எடுக்கவில்லை, அதனால் இந்தப் பகுதிக்கு என் முகம்தான்.

யாரோ வருகிறார்கள், ஒரு நிமிஷம்... ஹவ்டி!

பார்த்தீர்களா, வாயில் தானாக வந்துவிட்டது. இதை எடிட்டில் வெட்டிவிடுகிறேன். என் ரூம்மேட் பார்த்தால் வீட்டுக்குள் விடமாட்டான்.