குதிகாலில் எடுத்த துளி

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்போம். மிச்ச ரத்தம் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் சில நாளில் கழிவோடு போய்விடும். அப்படிப் போகாமல் தங்கிவிடும் மாதிரிகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ரத்தம், எச்சில், திசு இவற்றை, கொடுத்தவரின் வயது, நோய், பழக்கவழக்க விவரங்களோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கும் இடத்துக்குப் பயோபேங்க் என்று பெயர். பிரிட்டனில் ஒன்று இருக்கிறது. 40 முதல் 69 வயது வரையிலான ஐந்து லட்சம் பேர் 2006க்கும் 2010க்கும் இடையில் தாங்களாகவே வந்து மாதிரி கொடுத்தார்கள்.

தாங்களாகவே வந்து என்றேன் அல்லவா? எல்லோரும் அப்படி வருவதில்லை. பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகாலில் சின்னதாகக் குத்தி, கெட்டியான வடிதாள் அட்டையில் அச்சிட்டிருக்கும் வட்டத்தில் ரத்தத்தைத் தொட்டு வைப்பார்கள். வட்டம் நிரம்ப வேண்டும், பின்பக்கமும் ஊறித் தெரிய வேண்டும். காய்ந்தால் வெறும் பழுப்புக் கறை. ஆனால் அந்தக் கறையை வைத்துத் தைராய்டு குறைபாட்டையும் வேறு சில பிறவிக் கோளாறுகளையும் முதல் வாரங்களிலேயே பிடித்துவிடலாம். உடனே மருந்து தொடங்கினால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடாது. ஆகவே அட்டை எடுப்பதில் எனக்குத் தகராறு கிடையாது. சோதனை முடிந்தபின் அந்த அட்டை எங்கே போகிறது என்பதில்தான் தகராறு.

ஸ்வீடனில் 1975 முதல் இந்த அட்டைகளைச் சேமித்து வைக்கிறார்கள். 2003 செப்டம்பரில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட், ஸ்டாக்ஹோமில் ஒரு கடைக்குள் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். போலீஸ் ஒருவனைச் சந்தேகித்தது. அவன் அந்த நாட்டில் பிறந்தவன், அதனால் அவனுடைய குழந்தைப் பருவத்து அட்டை பயோபேங்கில் இருந்தது. போலீஸ் கேட்டது, பயோபேங்க் கொடுத்துவிட்டது. டி.என்.ஏ. பொருந்தியது. கொலையாளி அகப்பட்டான், நல்லதுதான். ஆனால் சிகிச்சை, ஆராய்ச்சி என்று சொல்லிச் சேர்த்த அட்டை அது. போலீஸ் விசாரணைக்கு என்று எந்தத் தாயிடமும் யாரும் சொல்லவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் சுனாமி. விடுமுறைக்குப் போயிருந்த ஸ்வீடன்காரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களை அடையாளம் காண இதே அட்டைகளைப் பயன்படுத்தலாம் என்று சட்டத்தையே தற்காலிகமாகத் திருத்தினார்கள். இதை நான் எங்கே சொன்னாலும், கேட்பவர்கள் முதல் சம்பவத்தில் கொஞ்சம் தயங்குவார்கள், இரண்டாவதில் உடனே தலையாட்டுவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் கவனியுங்கள், இரண்டாவது முறை சட்டசபையில் பேசி, எல்லோரும் அறியத் திருத்தினார்கள். முதல் முறை அது நடக்கவில்லை. சரி, அடுத்து ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி வந்து கேட்டால்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதே அட்டைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் ஆராய்ச்சிக்கு வைத்திருந்தார்கள். 2009இல் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். முடிவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அழிக்கப்பட்டன. எத்தனை ஆய்வுகளுக்கு உதவியிருக்கும்! முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரும்பாலானவர்கள் சரி என்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். கேட்காமல் எடுத்ததால் எல்லாம் போயிற்று.

கேட்பது என்றால் எப்படி? ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: "எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்." இந்த வரியோடு எனக்குப் பழைய சண்டை. அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினர், தங்களிடையே சர்க்கரை நோய் அதிகம் என்று 1990களில் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனநோய் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்தது. படிவத்தில் பொதுவான வாசகம்தான் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2010இல் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் அவர்களுக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

அதற்காக ஐந்து லட்சம் பேரிடம் ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க முடியுமா? முடியாது. பொது ஒப்புதலை நான் எதிர்க்கவில்லை. வாங்கியபின் மறந்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். என்ன ஆய்வு நடக்கிறது என்று அவ்வப்போது தெரியப்படுத்தட்டும். வேண்டாம் என்றால் விலகவும் வழி இருக்கட்டும். பிரிட்டனில் இனி தொடர்புகொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம், என் மாதிரியை இனித் தொடவே வேண்டாம் என்றும் சொல்லலாம். முடிந்துபோன ஆய்விலிருந்து மட்டும் நம் விவரத்தைப் பிரித்தெடுக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அப்புறம், மரபணு நம் ஒருவருடையது மட்டும் அல்ல, பிள்ளைகளுடையதும்தான். ஐஸ்லாந்தில் இறந்த தந்தையின் மருத்துவ விவரங்களை நாட்டின் தகவல் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்காடி, 2003இல் வென்றார்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மாதிரி கொடுத்த நாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பேச நினைத்திருந்தேன். இந்தோனேசியா 2007இல், நாங்கள் அனுப்பும் பறவைக் காய்ச்சல் வைரஸிலிருந்து செய்யும் தடுப்பூசி எங்களுக்கே எட்டாத விலையில் வருகிறதே என்று மாதிரி அனுப்புவதை நிறுத்தியது. 2011இல் உலக சுகாதார அமைப்பு இதற்கென ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தடுப்பூசி நிறுவனங்களும் அதில் பங்கு தர வேண்டும். அது தனியாக ஓர் உரைக்கான விஷயம். வணக்கம்.